ஏடு மறைத்தவரும் ஏடு மறந்தவரும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து நேரே ஆலயத்துக்கு வரும் இளைஞர் சிலர், ஆராதனை முடிந்தபின் நம்மை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதுண்டு. அவர்களுள் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர் உண்டு. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தவர் உண்டு. வீட்டில் தெலுங்கும், கடைத்தெருவில் கன்னடமும், ஆலயத்தில் தமிழுமாக வாழும் இவ்வெல்லைப்புறத்தவரும் உண்டு. அண்மையில் ஒருவர் கேட்டார்: "ஐயா, பழைய சுவடிகள் சிலவற்றைத் திருச்சபை ஒளித்துவைத்துவிட்டதாமே! அவை வெளிவந்தால் நம் விசுவாசமே ஆட்டங்கண்டுவிடும் என்கிறார்களே, மெய்தானா?" இதனை எங்கே படித்தீர் என வினவினோம். ஒரு மர்ம நாவலிலே படித்ததாகச் சொன்னார்.

இவ்வகை நாவல்களின் அமைப்பு நாம் அறியாததன்று. தொலைந்த ஒரு சுவடி. அதைத் தேடிப் புறப்படும் ஓர் அறிஞர். வழியில் ஓரிரு கொலைகள். இருளில் நின்று யாவற்றையும் இயக்கும் ஒரு கை. இறுதியில் அக்கை பெரும்பாலும் ஒரு குருவானவரின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படும். நம் ஆயர்கள் பலர் இவற்றைப் படியாமலே கண்டிக்கின்றனர். சிலர் படித்துவிட்டு, படித்ததை மறைக்கின்றனர். இரண்டினாலும் கேள்வி கேட்ட இளைஞருக்குப் பயனில்லை. இவ்வகையில் தலைசிறந்த நாவல் ஒன்றை எடுத்து, நம் நாட்டில் மெய்யாகவே நடந்த ஏடு தேடிய வரலாறு ஒன்றின் அருகே வைத்து ஆராய்வதே தகும் எனக் கருதுகிறோம். சுவடிகள் எவ்வாறு தொலைகின்றன, யாரால் தொலைகின்றன என்பதே நம் வினா.

1. ஹோர்ஹேயின் அச்சம்

இத்தாலிய அறிஞர் உம்பெர்ட்டோ எக்கோ 1980இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' என்னும் நாவல், 1983இல் வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பால் உலகெங்கும் பரவிற்று. கதை நிகழும் காலம் 1327. இடம் வட இத்தாலியில் ஒரு பெனெடிக்ட் மடம். துறவிகள் ஒருவர்பின் ஒருவராக மாள்கின்றனர். பிரான்சிஸ்கன் சபைத் துறவியாகிய வில்லியம், தம் இளஞ்சீடன் அட்சோவுடன் உண்மை காண முயல்கிறார். எல்லா வழிகளும் மடத்து நூலகத்துக்கே இட்டுச் செல்கின்றன. அங்கே, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சுவடி இருக்கிறது. அது நகைச்சுவை நாடகத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்பட்டு இன்று இழக்கப்பட்டுள்ள, கவிதையியலின் இரண்டாம் பகுதியாகும்.

அதை மறைத்தவர் ஹோர்ஹே என்னும் கண்ணிழந்த முதிய துறவி. ஏட்டின் ஓரங்களில் நஞ்சு தடவப்பட்டிருக்கிறது. விரலை நாவில் நனைத்துப் பக்கம் புரட்டுவோர் தம் ஆவலாலேயே மடிகின்றனர். ஹோர்ஹே பொன்னாசையாலோ பதவி ஆசையாலோ இதனைச் செய்தவரல்லர். சிரிப்பு அச்சத்தைப் போக்கும். அச்சம் போனால் கடவுள் பயமும் போகும். அரிஸ்டாட்டில் போன்ற பெருமகன் சிரிப்புக்குச் சான்றிதழ் வழங்கினால் உலகம் என்னாகும் என்பதே அவர் நடுக்கம். முடிவில் அவர் அவ்வேட்டைத் தாமே கிழித்து உண்கிறார். விளக்கு கவிழ்ந்து நூலகம் முழுதும் எரிகிறது.

இந்நாவலைப் படித்தோர் பலர், மதம் அறிவை ஒளித்துவைத்தது என்ற ஒரே செய்தியை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். நுணுகிப் படித்தால் வேறொன்று புலனாகும். மரணங்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் எக்காள வரிசைப்படி நிகழ்கின்றன என்று வில்லியம் நம்புகிறார். அந்நம்பிக்கை தவறானது. அப்படியொரு திட்டத்தை எவரும் வகுக்கவில்லை. ஒரு மரணம் தற்கொலை. ஒன்று பொறாமையால் நேர்ந்த கொலை. சில, ஏட்டின் நஞ்சால் விளைந்தவை. இல்லாத ஒரு சதியைப் பின்தொடர்ந்தே தாம் உண்மையை வந்தடைந்ததாக வில்லியம் இறுதியில் ஒப்புக்கொள்கிறார். எக்கோவின் பேராற்றல் இங்கேதான் உளது. மர்ம நாவலின் ஆடையை உடுத்திக்கொண்டே, எல்லாவற்றிற்கும் பின்னே ஒரு சதி உண்டு என நம்பும் மர்ம நாவல் மனப்பான்மையை அவர் குலைத்துவிடுகிறார். அவரைப் பின்பற்றி எழுந்த நாவல்கள் பல ஆடையை மட்டும் எடுத்துக்கொண்டன.

2. கும்பகோணத்தில் தொடங்கிய தேடல்

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. அதைத் தன்வரலாறு என்று மட்டும் கொள்வது குறைவேயாகும். தமிழில் எழுந்த மர்மக் கதைகளுள் இதற்கு ஈடானதை நாம் அறியோம். வேறுபாடு, இது நடந்தது என்பதே.

கதையின் திருப்பம் 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்கிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த இளைஞர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்ன படித்திருக்கிறீர் என்கிறார் முதலியார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என இளைஞர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், அக்காலத் தமிழ்க் கல்வியின் உச்சியில் நின்றவர், இல்லையென்று சொல்ல நேர்கிறது. இக்கேள்வியைக் கேட்டவர் நம் பழைய சேலம் ஜில்லாவின் பெயரைத் தம் பெயரோடு கொண்டவர் என்பதும், இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே என்பதும் நமக்கு மகிழ்ச்சி தருவன.

அன்று தொடங்கிய தேடலே 1887இல் சிந்தாமணியாகவும், 1889இல் பத்துப்பாட்டாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும், 1898இல் மணிமேகலையாகவும் அச்சில் வெளிவந்தது. துப்பறிவாளனுக்குரிய நுட்பம் யாவும் இத்தேடலில் உண்டு. பத்துப்பாட்டு ஏடுகளில் மூலம் தனியே இல்லை. உரையோடு பின்னிக் கிடந்ததை அவர் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. உரையாசிரியர் நூற்பெயர் சொல்லாது காட்டிய மேற்கோள் வரி எந்நூலைச் சேர்ந்தது எனத் தேடித் தேடியே எட்டுத்தொகை நூல்களோடு பழகினார். குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர் வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருக்க, ஊகித்து நிரப்ப மனம் ஒப்பாமல் காத்திருந்து, தருமபுர ஆதீனத்து ஒற்றை ஏடுகளிடையே அவற்றைக் கண்டு களித்தார். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டுவைக்கும் இந்நேர்மை, திருமறையின் மூலபாட ஆராய்ச்சி பயிலும் நம் மாணவர்க்கு முதற்பாடமாக வேண்டியது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஐயர் ஸ்மார்த்தப் பிராமணர். சைவ மடத்தின் நிழலில் கற்றவர். சிந்தாமணியோ சமண நூல். ஐயம் தீர்த்துக்கொள்ள அவர் கும்பகோணத்துச் சமணர் வீடு சென்றபோது அங்கே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. விசேஷம் என்ன என்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்த நாள் என்றனர். தாம் அரிதின் முயன்று பொருள் தேடும் நூலை ஒரு குடும்பத்தார் பக்தியோடு ஓதி வருவதைக் கண்டு வியந்தார். அவர்களிடம் மாணாக்கராக அமர்ந்து கேட்டார். அவ்வீட்டுப் பெண்மணிகள் அவரைப் பவ்ய ஜீவன் என்று பாராட்டினர். பிற சமயத்தாரின் மறைநூலை அச்சமின்றி, இகழ்ச்சியின்றி, அவர்தம் வாயாலேயே கேட்டறிந்த இவ்விடம் ஹோர்ஹேக்கு நேர் எதிரானது. பல்சமய உரையாடல் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பல இந்த ஒரு காட்சிக்கு ஈடாகா.

3. குற்றவாளி யார்?

எந்த மர்மக் கதையிலும் இறுதியில் குற்றவாளி வெளிப்பட வேண்டும். ஐயரின் கதையில் வெளிப்படுபவர் யார்?

கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருடைய ஏடுகள் கோயிலில் இருந்தன என்றறிந்து அங்கே செல்கிறார். தேவஸ்தானத்தார் விடை கூறுகின்றனர்: ஏடுகள் குப்பையாய்க் குவிந்து கிடந்தன, பழுதுற்றவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அவ்வாறே இட்டுவிட்டனர். கேட்ட ஐயரின் உள்ளம் கொதிக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வீட்டில், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதாகக் கேள்விப்படுகிறார். எல்லாவற்றினும் நெஞ்சை உறுத்துவது வளையாபதி. அதன் ஏட்டைத் தம் ஆசிரியர் காலத்தில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அன்று அதன் அருமை தெரியவில்லை, தெரிந்தபின் தேடினார், ஏடு இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் இன்று எஞ்சியுள்ளவை, புறத்திரட்டும் பழைய உரைகளும் காத்துத் தந்த ஏறத்தாழ எழுபது செய்யுட்களே.

இங்கே நஞ்சு தடவியவர் எவரும் இல்லை. கண்ணிழந்த முதியவர் எவரும் நூலகத்தைப் பூட்டவில்லை. தீயிலிட்டவர் பக்தியோடு இட்டார். ஆற்றில் விட்டவர் மங்கல நாளில் விட்டார். மடத்தில் கண்டவர் கண்டும் எடுத்துப் பாராதிருந்தார். அந்தக் கடைசி மனிதர் சாமிநாதையரே. தம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயங்காமையே இந்நூலின் மெய்ம்மைக்குச் சான்று.

நூலில் குறை இல்லையென்று சொல்லோம். ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்த குடும்பங்கள் அப்பணியை ஏன் கைவிட்டன என்பதற்கு நூல் போதிய விடை தரவில்லை. புரவலர் மறைந்தமை, ஆங்கிலக் கல்வியே பிழைப்புக்கு வழியானமை, புதிய பிரதி எழுதுவார்க்குக் கூலி இல்லாமை ஆகியவை குறிப்பாகத் தோன்றுகின்றனவேயன்றி விரித்து ஆராயப்படவில்லை. அதே துறையில் அவருக்கு முன்னரே இறங்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையின் உழைப்பும் இந்நூலை மட்டும் படிப்பவர்க்கு முழு உருவில் தெரியாது. பிள்ளை அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர்ச் சைவராக நின்றவர். அவரை நம் திருச்சபை வரலாறும் மறந்துவிட்டது என்பதனால், ஐயரை இது குறித்துக் குறைகூற நமக்கு உரிமை சிறிதே.

நாவலையும் வரலாற்றையும் அருகருகே வைத்தால் தெளிவது இது. ஏட்டுக்குப் பகைவர் இருவர்: ஒருவர் அஞ்சி மறைப்பவர், மற்றவர் அசட்டையால் மறப்பவர். நாவலாசிரியர்க்கு முதலாமவரே வேண்டியவர். அவரை வைத்தே கதை நகரும். வரலாற்றில் மிகுதியாகக் காணப்படுபவர் இரண்டாமவர். முதலாமவரைப் பற்றிப் படிக்கையில் நமக்குக் கோபம் வருகிறது. அக்கோபம் இன்பமானது, ஏனெனில் அவர் நாமல்லர். இரண்டாமவரைப் பற்றிப் படிக்கையில் நாணமே வரும்.

4. நம் வீட்டுக் கணக்கு

ஹோர்ஹே நம் மரபில் இல்லவே இல்லை என்று சாதிக்க வரவில்லை. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் தமிழ் ஏடுகளை ஆர்வத்தோடு திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையும் எழுதினார். தென்னிந்திய தெய்வங்களின் வரலாற்றை 1713இல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். மிஷனரிகள் அனுப்பப்பட்டது அஞ்ஞானத்தை வேரறுக்கவேயன்றி, அதனை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது அங்கிருந்த பிராங்கேயின் முடிவு. கையெழுத்துப் படி அப்படியே கிடந்தது. 1867இல் ஜெர்மன் என்னும் மிஷனரி சென்னையில் அதனை அச்சேற்றினார். இடையில் 154 ஆண்டுகள் கழிந்தன. பிராங்கே தீயவரல்லர், அநாதைகளைக் காத்த பக்திமான். பக்தியும் அச்சமும் கைகோத்தால் இவ்வாறாகும்.

ஆனால், ஒளித்துவைக்கப்பட்டதாக இளைஞர் கேட்ட சுவிசேஷங்களின் நிலை என்ன? எகிப்தின் நாக் ஹம்மாடியில் 1945இல் ஒரு சாடிக்குள்ளிருந்து தோமா சுவிசேஷம் முதலிய நூல்கள் அடங்கிய பழஞ்சுவடிகள் வெளிப்பட்டன. 1977 முதல் அவை யாவும் ஒரே தொகுப்பாக ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. எந்தப் பேராயரும் தடுக்கவில்லை, கடையில் வாங்கலாம். ஆயினும் நம்மில் எத்தனை ஆயர்கள் அதனை ஒருமுறையேனும் புரட்டியிருக்கிறோம்? அவை ஏன் திருமறைத் தொகுதியில் சேரவில்லை என்பதைச் சபையாருக்கு ஒருமுறையேனும் விளக்கியிருக்கிறோமா? நாம் விளக்காது விட்ட இடத்தில்தான் நாவலாசிரியர் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்.

அச்சிட்ட நூலும் இதற்கு விலக்கன்று. தரங்கம்பாடியில் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அரிய பிரதியொன்று, 2005இல் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்திலிருந்து காணாமற்போயிற்று. அது இலண்டனிலுள்ள ஒரு சேகரிப்பில் இருப்பதாகத் தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2022இல் அறிவித்தனர். நம் தாய்மொழியில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு களவுபோனதைப் பற்றி, இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் நம் மேடைகளில் ஒரு புலம்பலும் நம் செவிக்கு எட்டவில்லை.

இன்னும் அருகே வருவோம். நம் கிருஷ்ணகிரிக்கு 1895இல் நேதர் என்னும் லுத்தரன் மிஷனரி வந்தார். அவரும் அவர் தோழர் மோனும் முன்பு லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்கள். திருமறையின் ஏவுதல் பற்றிய கொள்கை வேறுபாட்டால் அம்மிஷனை விட்டுப் பிரிந்து, அமெரிக்காவின் மிசௌரி சினாடின் மிஷனரிகளாக மீண்டும் இந்நாட்டுக்கு வந்தவர்கள். அவர்தம் ஏவுதற் கொள்கையை நாம் முழுதும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயின் எழுதப்பட்ட வசனத்துக்காகத் தம் பிழைப்பையே பணயம் வைத்தவர்கள் என்பதை மறுக்க இயலாது. அப்படிப்பட்ட ஊரில் இன்று எழுத்தின் நிலை யாது? வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் வயலோரங்களில் சாய்ந்து கிடக்கின்றன. சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எத்தனையோ பழைய அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ஓசூரைப் போலப் பல திசையினர் வந்து கூடும் தொழில் நகரில், தம் வேர் எங்கே என்று காட்ட ஒரு குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது சில வேளைகளில் அந்த ஒரு வரிப் பதிவே.

நாமும் இக்குற்றத்துக்கு அந்நியரல்லோம். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நாம் பணிபுரிந்த ஒரு கிராமச் சபையில், பண்டிகைக்கு வெள்ளையடிக்க வேண்டி ஓர் அறையை ஒழித்தார்கள். அங்கிருந்த பழைய பதிவேடுகளையும் உபதேசியார்களின் நாட்குறிப்புகளையும் என்ன செய்வது என்று கேட்டார்கள். பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடச் சொன்னோம். அடுத்த ஆண்டு ஒரு மூதாட்டி வந்தார். அவர் தந்தையார் அச்சபையில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். படமோ கடிதமோ ஒன்றும் வீட்டில் இல்லை. "அப்பா கையெழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், ஐயா" என்றார். காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. கரிவலம்வந்தநல்லூர்த் தேவஸ்தானத்தாரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரின் முகமே நம் முன் வந்து நிற்கிறது.

5. ஆலயத்துக்குள் தொலைந்த புத்தகம்

திருமறை இவ்விரு பகைவரையும் அறியும். எரேமியாவின் சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பில் எரித்த யோயாக்கீம் அரசன் முதலாமவன். அது தீங்காய் முடியவில்லை. பாரூக்கு மீண்டும் எழுதினான், முன்னிலும் மிகுதியாக எழுதினான். இரண்டாமவரின் கதை இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. யோசியாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் நியாயப்பிரமாண புத்தகம் அகப்படுகிறது. எதிரி கொள்ளையிட்டதாகவோ எவரேனும் எரித்ததாகவோ அங்கே சொல்லப்படவில்லை. பலியும் பண்டிகையும் நடந்துகொண்டிருந்த ஆலயத்துக்குள்ளேயே, ஆசாரியர்கள் நாள்தோறும் நடமாடிய இடத்திலேயே, அது தொலைந்திருந்தது. இல்லாமையை எவரும் உணரவுமில்லை. மர்ம நாவல்கள் யாவற்றினும் அச்சமூட்டும் செய்தி இதுவே.

எக்கோவின் நாவலும் இறுதியில் இவ்விடத்துக்கே வருகிறது. பல்லாண்டுகளுக்குப்பின் அட்சோ அம்மடத்தின் இடிபாடுகளுக்குத் திரும்பி வந்து, எரிந்து எஞ்சிய தோல் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்க்கிறான். சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் செய்ததும், வளையாபதியின் எழுபது செய்யுட்களைக் காத்தோர் செய்ததும் அதுவே. துணுக்குகளைப் பொறுக்குவது இழிந்த வேலையன்று, அதுவும் திருப்பணியே.

ஆகவே களப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். நீங்கள் செல்லும் சபையில் முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள். உள்ளவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதுங்கள். படமெடுத்து ஒரு படியைச் சபையிலும் ஒரு படியை வேறிடத்திலும் வையுங்கள். காக்க இயலாதவற்றை, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடத்துக்குச் சபையின் இசைவோடு அனுப்புங்கள். ஓசூரிலிருந்து அது ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். மர்ம நாவல்களையும் படியுங்கள். இளைஞரோடு அமர்ந்தே படியுங்கள்.

நம்மைக் கேட்ட அந்த இளைஞருக்கு, ஒளித்தோம் என்பது சிறுபான்மை மெய், தொலைத்தோம் என்பது பெரும்பான்மை மெய் என்று சொன்னோம். அவர் சற்று ஏமாற்றமடைந்தார் என்றே தோன்றிற்று. சதி என்றால் கேட்கச் சுவை. சோம்பல் என்றால் சுவை ஏது? ஆயினும் அடுத்த வாரம் அவர் தம் ஊர்ச் சபையின் பழைய பதிவேடு எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்ததாகச் சொன்னார்.

சிறையில் முடிவை எதிர்நோக்கியிருந்த பவுல், தீமோத்தேயுவிடம் கேட்டுக்கொண்டவை சிலவே: குளிருக்கு ஒரு மேலங்கி, புத்தகங்கள், விசேஷமாகத் தோற்சுருள்கள். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. அவை வந்து சேர்ந்தனவா என்பதும் தெரியாது. வழியில் எவரேனும் அவற்றைப் பாரமென்று எண்ணி இறக்கி வைத்துவிட்டிருந்தால், அவரும் நம்மைப் போன்ற நல்ல மனிதராகவே இருந்திருப்பார்.